மூன்றாம் வகுப்புப் படிப்பும் ஒரு முழு நாவலும்
நாகூர் சித்தி ஜுனைதா பேகம் எழுதிய விதம்

நம் சங்கத்தின் பொன்விழா மலரில் நாகூர்ப் பெண்மணி ஒருவரின் வரலாறு எதற்கு என்று இளைய தலைமுறையினர் சிலர் கேட்கக்கூடும். ஈப்போவிலும் தைப்பிங்கிலும் தெலுக் இந்தானிலும் வாழும் நம் குடும்பங்களில் பல, நாகூர், நாகப்பட்டினம், காரைக்கால், இராமநாதபுரக் கரையோர ஊர்களிலிருந்து வந்தவைதாம். ரஜூலா கப்பல் நாகப்பட்டினத்தில் ஆளேற்றி, பினாங்கில் இறக்கிவிட்ட காலத்தை நம் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பினாங்கின் சூலியா தெருவில் நாகூர் தர்காவின் பெயரிலேயே ஒரு நினைவிடம் இருக்கிறது. அந்த நாகூரில் பிறந்து, தமிழில் நாவல் எழுதிய முதல் முஸ்லிம் பெண் என்று போற்றப்படுகிறவர் மர்ஹூமா சித்தி ஜுனைதா பேகம். அவர் எழுதியவை பெரும்பாலும் காதல் கதைகள். எப்படிப்பட்ட வீட்டிலிருந்து, எந்தப் படிப்பைக் கொண்டு, எந்த முறையில் அவற்றை எழுதினார் என்பதை நம் குடும்பத்துப் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும் என்றே இதை எழுதுகிறோம்.

பிறப்பும் படிப்பும்

1917ஆம் ஆண்டு நாகூரில் பிறந்தார். தந்தையார் ஷெரீப் பெய்க். தாயார் கதீஜா நாச்சியார். பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு வரைதான் படித்தார். அக்காலத்தில் பெண்பிள்ளை சற்று வளர்ந்ததும் வீட்டோடு நிறுத்திவிடுவது வழக்கம். நம் பாட்டிமார் பலரின் படிப்பும் அப்படி நின்றதுதான்.

சிறு வயதிலேயே திருமணம் நடந்தது. கணவர் பெயர் பகீர் மாலிமார். மாலிமார் என்பது கப்பலோட்டிய பரம்பரையைக் குறிக்கும் பெயர். நான்கு பெண்மக்கள் பிறந்தனர். இளம் வயதிலேயே கணவரை இழந்தார். நான்கு பெண்களை வளர்த்து ஆளாக்கும் பொறுப்போடுதான் அவருடைய எழுத்தும் நடந்தது. எழுதுவதற்கென்று தனி அறை, தனி நேரம் என்று வைத்துக்கொள்ளும் வாழ்க்கை அந்தத் தலைமுறையில் எந்தப் பெண்ணுக்கும் எளிதில் வாய்க்கவில்லை.

ஊர் கொடுத்த தமிழ்

பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்போடு நின்றாலும், நாகூர் என்ற ஊரே ஒரு பள்ளிக்கூடமாக இருந்தது. புலவர்கள் நிறைந்த ஊர் அது. நாகூர் குலாம் காதிறு நாவலர் (1833–1908) அங்கே பிறந்தவர். திரிசிரபுரம் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர் என்று அவரைச் சொல்வார்கள். 1880களில் பினாங்கிலிருந்து வெளிவந்த வித்தியா விசாரிணி என்னும் இதழோடும் அவர் பெயர் சேர்ந்திருக்கிறது. ரெயினால்ட்ஸ் என்னும் ஆங்கில நாவலாசிரியரின் கதை ஒன்றை உமறு பாஷா யுத்த சரித்திரம் என்று தமிழில் ஆக்கியவரும் அவரே. வெளிநாட்டுக் கதையை எடுத்து நம் தமிழில் நம்மவருக்காகச் சொல்வது, ஜுனைதா பேகம் பிறப்பதற்கு முன்பே நாகூரில் நடந்த காரியம் என்பதை இதிலிருந்து அறியலாம்.

அவருடைய வீட்டிலும் எழுத்து இருந்தது. சகோதரர் ஹுசைன் முனவ்வர் பெய்க் பால்யன் என்ற வார இதழை நடத்தியவர். பிற்காலத்தில் அக்குடும்பத்திலிருந்து எழுத்தாளர் நாகூர் ரூமி போன்றோர் வந்தனர். இதழ்கள் வீட்டுக்குள் வருவதும், அச்சான எழுத்து கண்ணில் படுவதும், படித்ததைப் பற்றிப் பேச ஆள் இருப்பதும் ஒரு சிறுமிக்கு எவ்வளவு பெரிய செல்வம் என்பதை நாம் எண்ணிப்பார்க்க வேண்டும். பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் கட்டினால் போதும் என்று இருக்கும் பெற்றோருக்கு இதில் ஒரு பாடம் உண்டு.

பா. தாவூத் ஷா நடத்திய தாருல் இஸ்லாம் இதழும் இங்கே நினைக்கத்தக்கது. 1920களில் தொடங்கிய அந்த இதழ், பிழையற்ற நல்ல தமிழுக்குப் பெயர் பெற்றது. கடல் கடந்து நம் நாட்டிலும் அதற்கு வாசகர்கள் இருந்தார்கள். ஜுனைதா பேகம் இளவயதிலேயே அதில் எழுதத் தொடங்கினார். கடுமையான ஆசிரியரின் கைக்குப் போகும் எழுத்தை, அனுப்புகிறவர் ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்த்துத்தான் அனுப்ப வேண்டும். மூன்றாம் வகுப்புக்குப் பிறகு அவர் எழுதிய பரீட்சை அதுவே என்று சொல்லலாம்.

1938: காதலா? கடமையா?

அவருடைய முதல் நாவல் காதலா? கடமையா? 1938இல் வெளிவந்தது. அப்போது அவருக்கு வயது இருபத்தொன்று. தமிழ்த் தாத்தா உ.வே. சாமிநாதையர் இதற்கு முன்னுரை தந்தார். ஐயருக்கு அப்போது எண்பதைத் தாண்டிய வயது. சங்க நூல்களையும் காப்பியங்களையும் ஓலைச்சுவடிகளிலிருந்து மீட்டு அச்சேற்றிய பெரியவர், முகம் காட்டாது வீட்டுக்குள் வாழ்ந்த ஒரு முஸ்லிம் இளம்பெண்ணின் நாவலைப் படித்துப் பாராட்டினார் என்பது தமிழ்நாட்டின் பெருமைகளில் ஒன்று. நல்ல தமிழுக்கு அவர் கொடுத்த சான்றிதழ், எந்தப் பட்டத்துக்கும் குறைந்ததன்று.

இந்தக் கதைக்கும் ஆந்தணி ஹோப் என்ற ஆங்கிலேயர் எழுதிய ஸெண்டாவின் கைதி என்னும் நாவலுக்கும் உள்ள உறவைப் பலர் எடுத்துக்காட்டியிருக்கிறார்கள். ஹோப் இலண்டனில் வழக்கறிஞராக இருந்தவர். 1893 நவம்பரில் ஒரு வழக்கை வென்று நடந்து திரும்பும் வழியில் அவருக்கு அந்தக் கதை தோன்றியது. ஒரு மாதத்தில் எழுதி முடித்தார். 1894இல் புத்தகம் வந்தது. அரசனைப் போலவே உருவம் கொண்ட ஒருவன், அரசனின் இடத்தில் நடிக்க நேர்கிறது. அரசனுக்கு நிச்சயித்த இளவரசி இவனை நேசிக்கிறாள். கடைசியில் இருவரும் நாட்டுக்குச் செய்ய வேண்டிய கடமைக்காகப் பிரிகிறார்கள். இந்தக் கதை நாடகமாகவும் படமாகவும் உலகம் சுற்றியது. 1958இல் எம்.ஜி.ஆர். எடுத்த நாடோடி மன்னனிலும் இதே உருவ ஒற்றுமைக் கதைதான். ஈப்போ, சுங்கை சிப்புட் பக்கம் நம் பெரியவர்கள் அந்தப் படத்தை எத்தனை முறை பார்த்தார்கள் என்று கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள். அந்தப் படத்தைப் பார்க்கும்போது ஜுனைதா பேகத்தின் நாவல் நினைவுக்கு வருகிறது என்று எழுதியவர்களும் உண்டு.

இரவல் கதை என்றால் அதில் என்ன பெருமை என்று ஒரு கேள்வி எழலாம். அந்த நாளில் தமிழ் நாவலாசிரியர் பலரும் ஆங்கிலக் கதைகளைத் தழுவித்தான் எழுதினார்கள். ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் அப்படி எழுதிப் புகழ் பெற்றவர்கள். எதை எடுத்தார் என்பதோடு, எடுத்ததில் எதைப் பெரிதாக்கினார் என்பதையும் பார்க்க வேண்டும். ஹோப் தம் நூலுக்கு ஒரு கோட்டையின் பெயரையும் ஒரு கைதியையும் கொண்டு தலைப்பு வைத்தார். வாள்வீச்சும் துணிவுமே வாசகரை இழுக்கும் என்பது அவர் கணக்கு. நாகூர்ப் பெண்மணியோ நெஞ்சுக்குள் நடக்கும் போராட்டத்தைத் தலைப்பில் வைத்தார். அதையும் இரண்டு கேள்விகளாக வைத்தார். ஆங்கிலக் கதையில் கடைசி அத்தியாயங்களில் வரும் முடிச்சு, இவருடைய புத்தகத்தில் அட்டையிலேயே தொடங்குகிறது.

அந்தக் கேள்வி நாகூருக்கு அந்நியமானது அன்று. சபர் போவது என்றால் நம் ஊர்களில் என்ன பொருள் என்று நமக்குத் தெரியும். மணமான சில மாதங்களிலேயே கணவர் கப்பலேறுவார். பினாங்கிலோ ஈப்போவிலோ ரங்கூனிலோ கடை. தோட்டங்களுக்குப் பக்கத்தில் மளிகைக் கடை, துணிக்கடை, சாப்பாட்டுக் கடை. மூன்று வருடத்துக்கு ஒரு முறை, சில வேளை ஐந்து வருடத்துக்கு ஒரு முறை ஊர் திரும்புதல். இங்கே பேராக்கின் பால்மரக் காடுகளில் சம்பளநாளுக்காகக் காத்திருந்து, தோட்டத்து மக்களுக்குக் கடன்கணக்கு எழுதிக்கொண்டிருந்த நம் பாட்டனார்களுக்கும், அங்கே கடிதத்துக்காகக் காத்திருந்த நம் பாட்டிமார்களுக்கும், அன்பும் கடமையும் ஒன்றையொன்று தின்றுகொண்டிருந்த வாழ்க்கை அது. அப்படிப்பட்ட ஊரிலிருந்து இப்படி ஒரு தலைப்பு வந்ததில் வியப்பில்லை என்றே நமக்குத் தோன்றுகிறது. அரசனும் இளவரசியும் கதையில் இருக்கலாம். கேள்வி மட்டும் தெருவில் இருந்தது.

அவர் எழுத்தில் காணும் முறைகள்

அவருடைய நூல்களின் பெயர்களை வரிசையாகப் படித்தாலே அவர் எழுதிய முறை ஓரளவு விளங்கும். செண்பகவல்லி தேவி அல்லது தென்னாடு போந்த அப்பாஸிய குலத் தோன்றல். ஹலிமா அல்லது கற்பின் மாட்சி. பெண் உள்ளம் அல்லது சுதந்திர உதயம். இடையில் வரும் அல்லது என்ற சொல்லைக் கவனியுங்கள். முதல் பெயர் கதைக்கு. இரண்டாம் பெயர் கருத்துக்கு. அக்காலத் தமிழ் நாவல்களில் இது பரவலான வழக்கம். மலாயாவில் எழுதப்பட்ட முதல் தமிழ் நாவலாகச் சொல்லப்படும் க. வெங்கடரத்தினத்தின் 1917ஆம் ஆண்டு நூலும் கருணாசாகரன் அல்லது காதலின் மாட்சி என்றுதான் பெயர் பெற்றது. ஜுனைதா பேகம் பிறந்த ஆண்டும் அதுவே.

ஆனால் ஒரு முஸ்லிம் பெண் காதலைப் பற்றி எழுதும்போது இந்த இரட்டைப் பெயருக்கு இன்னொரு பயனும் இருந்திருக்கும். செண்பகவல்லி என்ற பெயர் இளையவர்களை அழைக்கும். அப்பாஸிய குலம் என்ற சொல் வீட்டுப் பெரியவர்களின் மனத்தைக் குளிர்விக்கும். பாக்தாத்தை ஆண்ட கலீஃபாக்களின் வழிவந்தவன் தென்னாட்டுக்கு வருகிறான் என்று தலைப்பே சொல்லிவிடுகிறது. காதல் கதையை வீட்டுக்குள் கொண்டுவருவதற்கு வரலாற்றைத் துணைக்கு அழைத்துக்கொண்டார். மலைநாட்டு மன்னன் என்ற தொடர்கதையிலும் மன்னர் காலமே தலைப்பாகிறது. நிகழ்காலத்தில் சொன்னால் யாரைப் பற்றி என்று ஊர் விரல் நீட்டும். மன்னர் காலத்தில் வைத்துச் சொன்னால், சொல்ல வேண்டியதைச் சொல்லலாம்.

இரண்டாவது, மொழி. காதலா, கடமையா, மாட்சி, தோன்றல், உதயம், போந்த என்று அவர் தேர்ந்த சொற்கள் செந்தமிழின் பக்கம் சாய்ந்தவை. வீட்டில் பேசும் தமிழும் அரபுச் சொற்கள் கலந்த மார்க்கத் தமிழும் அவருக்குத் தெரியாதவை அல்ல. இருந்தும் நாவலுக்கு அவர் எடுத்துக்கொண்டது எல்லாத் தமிழரும் படிக்கும் நடை. அதனால்தான் உ.வே.சா.வின் கைக்கும் அது போனது. மூன்றாம் வகுப்போடு நின்றவர் இத்தகைய தமிழை வேறெங்கும் கற்றிருக்க முடியாது. படித்துப் படித்துத்தான் வந்திருக்க வேண்டும். எழுத விரும்பும் எவருக்கும் இதைவிடப் பெரிய பயிற்சி இன்றும் கிடையாது.

மூன்றாவது, மாற்றி மாற்றி எழுதியது. காதல் கதையோடு அவர் நின்றுவிடவில்லை. இஸ்லாமும் பெண்களும் என்று கட்டுரை நூல் எழுதினார். காஜா ஹஸன் பசரீ (ரஹ்) அவர்களின் வரலாற்றை எழுதினார். நாகூர் ஆண்டகை அவர்களின் வரலாற்றையும் எழுதினார். மகிழம்பூ என்ற கதை ஒரு பக்கம், இறைநேசர் வரலாறு ஒரு பக்கம். இவை இரண்டும் ஒரே கையிலிருந்து வந்தன. பெண்ணுக்கு மார்க்கம் தந்திருக்கும் உரிமை என்ன என்று கட்டுரையில் வாதாடியவரும், பெண்ணின் உள்ளம் என்ன நினைக்கிறது என்று கதையில் சொன்னவரும் ஒருவரே. கட்டுரையில் சட்டமும் சான்றும் பேசும். கதையில் அந்தப் பெண்ணே பேசுவாள். இரண்டு வழியும் வேண்டும் என்று அவர் கண்டிருக்கிறார்.

நான்காவது, பெயர். அக்காலத்தில் பெண் பெயரில் ஆண்கள் எழுதினார்கள். பெண்கள் பெயரை மறைத்தும் எழுதினார்கள். இவர் சித்தி ஜுனைதா பேகம் என்ற தம் சொந்தப் பெயரைப் புத்தகத்தின் மேல் போட்டார். கோஷா முறை கடுமையாக இருந்த காலம். பெண்ணின் பெயரை வெளியாரிடம் உச்சரிப்பதற்கே தயங்கிய வீடுகள் இருந்தன. காதல் என்ற சொல்லும் ஒரு முஸ்லிம் பெண்ணின் பெயரும் ஒரே அட்டையில் வந்தது 1938இல் சிறிய காரியமன்று.

அவரைப் போன்ற மற்றவர்கள்

இவருக்கு முன்னும் இவர் காலத்திலும் இப்படி வீட்டுக்குள்ளிருந்து எழுதிய பெண்கள் இருந்தார்கள். வங்காளத்தில் பேகம் ருக்கையா (1880–1932) பெரிய குடும்பத்தில் பிறந்தும், பெண் என்பதால் வங்காளமும் ஆங்கிலமும் கற்கத் தடை இருந்தது. வீடு உறங்கிய பின், அண்ணன் இப்ராஹீம் மெழுகுவத்தி வெளிச்சத்தில் அவருக்கு ரகசியமாகப் பாடம் சொன்னார். பின்னாளில் அவர் சுல்தானாவின் கனவு என்ற கதையை ஆங்கிலத்திலேயே எழுதி, 1905இல் அது அச்சில் வந்தது. பிறகு கல்கத்தாவில் முஸ்லிம் பெண்களுக்குப் பள்ளிக்கூடமும் நடத்தினார். தமிழ்நாட்டில் வை.மு. கோதைநாயகி (1901–1960) குழந்தைப் பருவத்திலேயே மணமானவர். எழுதப் பழகாத நிலையில், தம் முதல் படைப்பான நாடகத்தைத் தோழி ஒருவருக்கு வாயால் சொல்லி எழுதவைத்தார். பிறகு தாமே எழுதக் கற்று, ஜகன்மோகினி இதழை நடத்தி, நூற்றுக்கு மேற்பட்ட நாவல்களை எழுதினார்.

மூவரையும் சேர்த்துப் பார்த்தால் ஓர் உண்மை தெரிகிறது. ஒருவருக்கு அண்ணன் இருந்தார். ஒருவருக்குத் தோழி இருந்தார். ஜுனைதா பேகத்துக்கு இதழ் நடத்திய சகோதரரும் புலவர் ஊரும் இருந்தன. தனியாக உட்கார்ந்து எழுதியிருந்தாலும், பக்கத்தில் ஒருவராவது துணை நின்றிருக்கிறார். அந்தத் துணை இல்லாததால் எழுதாமலே போனவர்கள் எத்தனை பேர் என்று எண்ணினால் மனம் கனக்கிறது.

நமக்கு அவர் விட்டுச்சென்றது

ஜுனைதா பேகம் 1998இல் நாகூரில் வஃபாத்தானார். முதல் நாவலுக்குப் பிறகு அறுபது ஆண்டுகள் வாழ்ந்தார். நம் நாட்டில் அதே அறுபது ஆண்டுகளில் எல்லாமே மாறிவிட்டன. சப்பான்காரன் வந்து போனான். தோட்டங்கள் துண்டாடப்பட்டன. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையும் போய் வீடமைப்புத் திட்டங்கள் வந்த இடங்கள் உண்டு. தோட்டத்துக் கடையைப் பூட்டிவிட்டு ஈப்போவுக்குக் குடிவந்த குடும்பங்கள் நம் சங்கத்தில் நிறைய. 1908இல் செய்கு ஆதம் கட்டிய ஈப்போ திடல் பக்கத்துப் பள்ளிவாசலில் தொழுத நம் பாட்டனார்களின் பெயர்கள் கணக்குப் புத்தகங்களிலும் கூட்டக் குறிப்புகளிலும் கிடைக்கின்றன. அவர்களுடைய மனைவிமார், தாய்மார் எழுதியவை எங்கே?

அவர்கள் எழுதாதவர்கள் அல்லர். ஊருக்குக் கடிதம் எழுதினார்கள். தாலாட்டும் முனாஜாத்தும் கையெழுத்தில் எழுதி வைத்துக்கொண்டார்கள். மருத்துவக் குறிப்பும் சமையல் குறிப்பும் பிள்ளைகள் பிறந்த தேதியும் பழைய கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதினார்கள். வார இதழ்களின் தொடர்கதைகளைக் கிழித்துத் தைத்துப் புத்தகமாக்கி, பக்கத்து வீடுகளுக்கு வாசித்துக் காட்டினார்கள். சிலர் அரபுத் தமிழில் எழுதினார்கள். இன்று வீடு மாறும்போது முதலில் குப்பைக்குப் போவது இவைதாம். அரபுத் தமிழ் எழுத்தை வாசிக்கத் தெரிந்தவர்கள் நம் வீடுகளில் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

ஆகவே ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டு அலமாரியில், பெட்டியில், பரணில் இப்படி ஏதாவது இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். யாருடையது, எந்த ஊர், எந்தத் தோட்டம் என்று ஒரு தாளில் எழுதி அதோடு வையுங்கள். பாட்டி உயிரோடு இருந்தால் உட்காரவைத்து அவர்கள் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள். கைப்பேசியில் பதிவுசெய்தாலும் போதும். கோதைநாயகியின் முதல் படைப்பும் அப்படிச் சொல்லக் கேட்டு எழுதியதுதான்.

வீட்டில் எழுத ஆசைப்படும் பெண்பிள்ளை இருந்தால் அவளுக்கு நல்ல தமிழ்ப் புத்தகம் நான்கு வாங்கிக் கொடுங்கள். அவள் எழுதியதைப் படித்துப் பாருங்கள். காதல் கதையா எழுதுகிறாய் என்று முகம் சுளிக்காதீர்கள். மூன்றாம் வகுப்பு படித்த நாகூர்ப் பெண்ணொருவர் காதல் கதையில் தொடங்கித்தான் ஹஸன் பசரீ (ரஹ்) அவர்களின் வரலாறு வரை போனார். அல்லாஹ் அவர்களின் பிழைகளை மன்னித்து, மறுமை வாழ்வைச் சிறப்பாக்குவானாக. ஆமீன்.